உப்பளத்துக்கு வந்த எண்ணெய்

கேள்வி: உலகச் சண்டையெல்லாம் எண்ணெய்க்காகத்தான் என்கிறார்களே, மரக்காணத்தில் உப்பு வாரும் எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

பதில்: லாரி வாடகை இருக்கிறது! தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இந்தியா வெளியில்தான் வாங்குகிறது. வளைகுடாவில் குண்டு வெடித்தால் உங்கள் உப்பு மூட்டைக்கும் செலவு ஏறும். 1990இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது, எண்ணெய் விலை எகிறியது. ஏற்கெனவே தள்ளாடிய நம் கஜானா, மறு ஆண்டே தங்கத்தை அடகு வைத்தது. 2025இலோ, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா போட்ட கூடுதல் 25 சதவீத வரி திருப்பூர் பனியன் தலையில் விழுந்தது. எண்ணெய் வாங்கியது யார், அடி வாங்கியது யார் பாருங்கள்!

அந்த எண்ணெய்ப் பசி உங்கள் கரைக்கும் வந்ததே. 2018இல் வேதாந்தா நிறுவனத்துக்கு எண்ணெய், எரிவாயு எடுக்க ஒதுக்கிய ஹைட்ரோகார்பன் பரப்பு மரக்காணம் கடலோரத்தையும் தொட்டது. அதை எதிர்த்து 2019 ஜூனில் மரக்காணம் முதல் ராமேஸ்வரம் வரை மக்கள் கைகோத்து நின்றார்கள். நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றார்கள். ஆனால் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுக்கும் 2020இன் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காப்பது காவிரி டெல்டாவை. மரக்காணம் இருக்கும் விழுப்புரம் மாவட்டம் அதில் இல்லை. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவரிடம், ஏன் இல்லை என்று கேளுங்கள்.