உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்

மதிப்புக்குரிய இறங்குதுறைப் பொறுப்பதிகாரி அவர்கட்கு,

கிராம அலுவலர் ஊடாக, பிரதேச செயலகம் ஊடாக, அதற்கு மேல் எந்த மேசை ஊடாகவோ.

விடயம்: கடல் கடக்கும் மோட்டார் சைக்கிள்களைக் கட்டிவைத்தல்

ஐயா,

எந்தத் துறை, எந்தப் படகு என்று இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. எழுதினால் பழுது அப்படியே இருக்க, கயிறு பிடிக்கிற பொடியனுக்கு இடமாற்றம் வந்துவிடும். யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துறை வாசலில் நீங்கள் நட்டிருக்கும் பலகையை வாசித்தேன். ‘வாகனங்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் ஏற்றப்படும்.’ நல்ல தமிழ், எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. பலகையின் இரண்டு காலையும் கொங்கிறீற்றில் இறக்கி, போல்ட் போட்டு, அதற்கு மேல் வெல்டிங்கும் வைத்திருக்கிறீர்கள். சோளகக் காற்று எப்படி அடித்தாலும் அது அசையாது. உங்கள் நிர்வாகத்தில் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கும் பொருள் அது ஒன்றுதான் என்பதால், படகுக்குக் காத்திருக்கும் ஆட்கள் தங்கள் வண்டிகளை அந்தக் காலிலேயே சங்கிலி போட்டுப் பூட்டுகிறார்கள். பலகையையும் படகில் ஏற்ற வழியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இராது.

பொறுப்பை நாங்கள் மறுக்கவில்லை. வண்டி எங்களுடையது, கீறலும் எங்களுடையது. 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அது திரும்பத் திறக்க 2025 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய சிடி நூறு மோட்டார் சைக்கிள்கூட சீதனப் பேச்சில் இடம்பிடித்தது. அப்படிப்பட்ட பொருளை யாராவது கவலையில்லாமல் கடலில் விடுவார்களா? எங்கள் சந்தேகம் சிறியது. பொறுப்பை எங்களிடம் தந்துவிட்டீர்கள். அதைக் கட்டிவைக்க ஒரு கொழுக்கி எங்கே?

வண்டி கட்டும் வித்தையில் எங்கள் ஆட்கள் குறைந்தவர்கள் இல்லை. நீங்கள் ஒரு சுற்றறிக்கை வெளியிட விரும்பினால் இதோ, பெருமை உங்களுக்கே. வண்டியை நியூற்றலில் விடக்கூடாது, முதலாம் கியரில் போட்டுவிட வேண்டும். பழைய சைக்கிள் ரியூபை வளையமாக வெட்டி, முன் பிறேக் பிடியை ஹாண்டிலோடு சேர்த்து மாட்டிவிட்டால் முன்சில்லு உருளாது. காபரேற்றர் வண்டியென்றால் பெற்றோல் திருகியை மூட வேண்டும். நாலு பேர் தூக்கிச் சரித்து ஏற்றும்போது ஒழுகும். 2022இல் கியூஆர் கோட்டுக்கு வாரம் 4 லீற்றர் கிடைத்த நாளில் அப்படி ஒழுகியதைப் பார்த்து அழுதவர்கள் உண்டு.

ஸ்ராண்ட் விடயத்தில் எங்களுக்குள் இரண்டு கட்சி. நடு ஸ்ராண்டில் வண்டி நேராக நிற்கும், பார்க்க லட்சணம். ஆனால் அணியம் தாழ்ந்தெழும்போது ஒருமுறை முன்னுக்கு உந்தினால் போதும், ஸ்ராண்ட் மடங்கி இறங்கிவிடும். பக்க ஸ்ராண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியை இரண்டு பக்கமும் கயிறு போட்டுக் கீழ்நோக்கி இழுத்தால், இரண்டு சில்லும் ஸ்ராண்டுமாக மூன்று இடத்தில் ஊன்றிக்கொள்ளும். நான் பக்க ஸ்ராண்ட் கட்சி. கயிற்றை ஹாண்டில் நுனியில் போடுகிறவனை மன்னிக்கவே கூடாது, ஹாண்டில் திரும்பிக் கயிறு தளரும். அதன் கீழே, முன் போர்க் இரண்டும் சேருகிற இடத்தில் போட வேண்டும். முன்பக்கம் கொஞ்சம் அமரும் வரை இழுத்தால் போதும். அடியொட்ட இறுக்கினால் ஒயில் சீலுக்குக் கேடு. கயிறு பெற்றோல் தாங்கியில் உரசும் இடத்தில் பழஞ்சீலை வைக்க வேண்டும். உப்பு ஏறிய நைலோன் கயிறு ஒரு கடப்பிலேயே பெயின்றை உரித்துவிடும்.

இவ்வளவும் செய்து முடித்து, கயிற்றின் மறுநுனியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தால், கட்டுவதற்கு ஒன்றுமில்லை. தளம் வழுவழுவென்று கிடக்கிறது. கம்பி வேலி இருக்கிறது, அதில் சனம் சாய்ந்து நிற்கிறது. வாங்குக் கால் இருக்கிறது, அது ஏற்கெனவே ஆடுகிறது. மிச்சம் இருப்பது பக்கத்து வண்டி. வண்டியோடு வண்டியைக் கட்டுவதை நாங்கள் ஒற்றுமை என்று எண்ணியிருந்தோம், முதல் வண்டி சரியும் வரைக்கும்.

‘தம்பி, இதை ஒருக்காப் பிடியுங்கோ, சீலை எடுத்திட்டு வாறன்.’

‘அண்ணை, நான் என்ரையைப் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறன்.’

இதுதான் இப்போது நடைமுறையில் உள்ள முறை. நூறு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பைப் பிடிப்பதற்கு ஒரு மனிதன். ஒரு உதாரணத்துக்கு, குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். தொடையால் தாங்கியை அணைத்து, இரு கையாலும் ஹாண்டிலைப் பிடித்து, காலால் தளத்தைக் கவ்வி நிற்கும் அந்த மனிதனுக்கு உயிர்காப்பு அங்கியை மாட்ட மூன்றாவது கை ஒன்றையும் நீங்களே வழங்கினால் நல்லது.

மற்ற நாடுகளில் எப்படி என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், நானே சொல்கிறேன். ஐரோப்பாவின் பெரிய வாகனக் கப்பல்களில் தளத்திலேயே வளையங்கள் பதித்திருப்பார்கள். பட்டியைப் போட்டு, இறுக்கியால் இறுக்கிவிட்டு, ஓட்டி வந்தவர் மேலே போய்த் தேநீர் குடிக்கலாம். சர்வதேச கடல்சார் அமைப்பு 1985இல் இதற்கென்றே வழிகாட்டி வெளியிட்டது. கப்பலின் தளத்திலும் கட்டும் புள்ளி இருக்க வேண்டும், வாகனத்திலும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பயப்படாதீர்கள், அது 3.5 தொன்னிலிருந்து தொடங்கும் பார வாகனங்களுக்கானது. எங்கள் வண்டிகள் அந்த எடைக்கு வர முப்பது வண்டியையாவது ஒன்றாக உருக்கி ஊற்ற வேண்டும். சட்டப்படி நீங்கள் தப்பிவிட்டீர்கள்.

காற்று மட்டும் சட்டம் படிக்கவில்லை. கட்டாத வண்டி ஒரு பக்கம் சரிந்தால், அதைப் பிடிக்க எல்லோரும் அந்தப் பக்கம் ஓடுவார்கள். படகும் கூடவே சரியும். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத இடத்தில் ஓடிய மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இறந்தார்கள். அதற்குப் பிறகு கடற்படை அங்கே படகு விட்டது. பிறகு வருவதற்கு எல்லோரிடமும் எல்லாமும் இருக்கிறது ஐயா. இந்த ஒரு பந்தியைச் சிரிக்காமல் வாசியுங்கள்.

கரையேறிய பிறகு செய்ய வேண்டியதையும் சுற்றறிக்கையில் சேர்க்கலாம். கடற்சாரல் பட்ட வண்டியை அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். செயினுக்கு ஒயில் விட வேண்டும். மின் இணைப்புகளைத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் சைலன்சரிலும் றிம்மிலும் துரு எழுத ஆரம்பித்துவிடும். நெடுந்தீவில் நல்ல தண்ணீர் குடத்துக்கே தட்டுப்பாடு. குடிக்கிற தண்ணீரில் வண்டி கழுவினால் மனிசி வீட்டுக்குள் விடமாட்டாள், கழுவாவிட்டால் அடுத்த மாரிக்கு வண்டி ஓடாது. இந்தப் பிரச்சினை உங்கள் திணைக்களத்துக்கு உரியதல்ல என்று பதில் வரும் என எனக்குத் தெரியும். அந்தப் பதிலை நானே தட்டச்சு செய்து அனுப்பத் தயார், கையெழுத்து மட்டும் போடுங்கள்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் ஒரு கோட்டை நிற்கிறதே, பார்த்திருப்பீர்கள். போர்த்துக்கீசர் கட்டினார்கள், 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். பிற்காலத்தில் சிறையாக இருந்தது, 1971 கிளர்ச்சியின் தலைவர் றோகண விஜேவீரவையும் அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். இப்போது கடற்படையின் விடுதி, அறை எடுத்துத் தங்கலாம். அலைக்கு நடுவே கல்லைக் கொண்டுபோய் நட்டுக் கோட்டை கட்டியாயிற்று, அந்தக் கோட்டைக்கு மூன்று தொழிலும் மாறியாயிற்று. தளத்தில் எட்டு வளையம் ஒட்டுவது அதைவிடப் பெரிய பொறியியல் என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை போர்த்துக்கீசருக்குக் கேள்விப்பத்திரம் கோரும் நடைமுறை இல்லாதிருந்திருக்கலாம்.

செலவுக் கணக்கு வேண்டாம் என்பதால் இத்துடன் ஒரு யூ போல்ட், இரண்டு நட்டு, இரண்டு வாசர் இணைத்துள்ளேன். கஸ்தூரியார் வீதிப் பக்கம் வாங்கியது, பற்றுச்சீட்டும் உண்டு. உங்கள் வெல்டர் பலகைக்கு வைத்த வெல்டிங்கில் கால்வாசி வைத்தாலே போதும். வெளியார் தந்த இரும்பை அரச சொத்தில் பொருத்துவதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும், அந்த அனுமதிக்குக் குழு அமைக்க வேண்டும், குழுவுக்குக் கோரம் சேரவில்லை என்றால், தயவுசெய்து அந்தப் போல்டைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிடுங்கள். வண்டி வாங்குக் காலில்தான் நிற்கப்போகிறது, அந்தக் காலை இறுக்கவாவது உதவும்.

இப்படிக்கு,
சொந்தப் பொறுப்பில் பயணம் செய்யும்
தீவான் ஒருவன்

பிரதி: சோளகக் காற்று (தகவலுக்காக மட்டும், நடவடிக்கை எடுக்க வேண்டாம்)