இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து பாலக்கோட்டுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

அங்கு நீ, மாமா, பிள்ளைகள், மாடு, தக்காளித் தோட்டம் எல்லாம் நலம்தானே?

"சம்பளம் கிடக்கட்டும், அங்க பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கா?" என்று போனில் கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா போனை வாங்கி மண்டி நிலவரம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதம். ஆள் இருக்கிறார்கள் அக்கா, நிறையவே இருக்கிறார்கள். பேசுவதற்குத்தான் தேதி வாங்க வேண்டும்.

நம் வீட்டு வாசலில் "சும்மா இப்படி வந்தேன்" என்று ஒருவர் செருப்பைக் கழற்றினால் ஏன் வந்தீர்கள் என்று கேட்போமா? இங்கே சும்மா யாரும் எங்கேயும் போவதில்லை. ஆஸ்பத்திரியில் என் வார்டில் கூட நர்ஸாக வேலை செய்கிற வெள்ளைக்காரத் தோழி ஒருத்தி, தங்கமானவள், "ஒரு நாள் வீட்டுக்கு வாயேன்" என்றாள். டியூட்டி முடிந்ததும் அப்படியே போய்விடலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே டைரியைத் திறந்தாள். மூன்று வாரம் தள்ளி ஒரு சனிக்கிழமை கிடைத்தது. நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை. கவனித்தாயா? வரச் சொல்லும்போதே எப்போது கிளம்ப வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறார்கள். மாமாவின் சித்தப்பா ஒருமுறை மாம்பழ சீசனில் இரண்டு நாள் என்று வந்து, பழம் தீர்ந்து, ஊறுகாய் தீர்ந்து, ஒகேனக்கல் ஆடிப்பெருக்கையும் பார்த்துவிட்டுப் போனாரே, அவரை இந்த ஊர் எப்படித் தாங்கும்!

பழைய தகடூராகிய தர்மபுரி மண்ணில் பிறந்த நமக்கு இது இன்னும் கஷ்டம். அந்தத் தகடூரை ஆண்ட அதியமான் பரிசில் தரக் கொஞ்சம் தாமதித்தார் என்பதற்கே வாயில் காப்போனைக் கூப்பிட்டுச் சுடச்சுடப் பாடிவிட்டு மூட்டையைக் கட்டியவர் அவ்வையார். புறநானூற்றில் 206-வது பாட்டு. அவரிடம் போய் "மூன்று வாரம் கழித்து, நாலிலிருந்து ஆறு" என்று சொல்லியிருந்தால் இந்த ஊரின் கதி என்ன ஆகியிருக்கும்?

ஆனால் தேதி கொடுத்துவிட்டார்களானால் பனி கொட்டினாலும் வந்து நிற்கிறார்கள். பதிலுக்கு நான் அவளைக் கூப்பிட்ட அன்று பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டாள். வந்தவள் காரிலேயே உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாக நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள், இரண்டு பேரும் பார்க்காத மாதிரியே இருந்தோம். நாலு அடித்ததும் மணி அடித்தாள். "அடடே, வா வா" என்று நானும் ஆச்சரியப்பட்டேன்.

கிளம்புவதற்கும் ஒரு முறை இருக்கிறது. உட்கார்ந்தபடியே இரண்டு தொடையிலும் தட்டி "ரைட்" என்பார்கள். நம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் அதைச் சொன்னால் பஸ்ஸாவது நகரும். இங்கே அதற்கப்புறம் வாசலில் நின்று அரை மணி நேரம் பேச்சு. என்ன பேச்சு என்கிறாய்? எந்த ரோட்டில் வந்தோம், எந்த ரோட்டில் போகப் போகிறோம், எம் 1 நெடுஞ்சாலையில் 21-வது ஜங்ஷன் அடைத்துக்கொண்டிருக்கிறதா, இதுதான். நானும் நம் தொப்பூர் கணவாய்ப் போக்குவரத்துக் கதையை எடுத்துவிட்டேன். வாய் பிளந்து கேட்டார்கள்.

காசு விஷயம் வேறு. ஓட்டலில் சாப்பிட்டால் அவரவர் பில்லை அவரவர் கட்டுகிறார்கள். பில்லைப் பிடுங்கிச் சட்டைப் பையைக் கிழித்துக்கொள்ளும் சண்டை இல்லாத சாப்பாடு எனக்கு இன்னும் சாப்பாடாகத் தெரியவில்லை. பப்பில் மட்டும் சட்டம் மாறும். ஒருவர் எல்லாருக்கும் வாங்க வேண்டும், அடுத்தது அடுத்தவர் முறை. நான் குடிப்பது எலுமிச்சை சோடா, அதற்காக என் முறை தள்ளிப்போகாது. (மாமாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தை விட்டுவிடு.) மொய் நோட்டு எதுவும் கிடையாது. ஆனாலும் போன மாதம் தன் முறை வருவதற்குள் நழுவியவர் யார் என்று மேசையில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டில் ஒரு குஜராத்திப் பாட்டி. பிறந்தது கம்பாலாவில். 1972 ஆகஸ்டில் இடி அமீன் ஆசியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்னபோது சின்னப் பெண்ணாக அப்பா அம்மாவோடு கிளம்பியவர். அப்போது லெஸ்டர் நகராட்சி உகாண்டா பத்திரிகையிலேயே விளம்பரம் கொடுத்ததாம்: எங்கள் ஊரில் இடமில்லை, தயவுசெய்து வராதீர்கள் என்று. "அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் எங்கப்பாவுக்கு இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரிந்தது" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். 2021 கணக்கெடுப்பில் இந்த ஊர் மக்களில் நூற்றுக்கு 43 பேர் ஆசிய வம்சாவளி. பெல்கிரேவ் ரோட்டில் தீபாவளிக்கு விளக்குப் போட்டால் வெளியூர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்க்கிறார்கள். விளக்குப் போடுவது அதே நகராட்சி.

பாட்டி முதலில் என்னிடம் இந்தியில் பேசினார். நான் முழித்தேன். இந்தியாவையே பார்க்காமல் வளர்ந்தவருக்கு இந்தி தெரிகிறது, இந்தியாவிலிருந்து வந்தவளுக்குத் தெரியவில்லையே என்று அவருக்கு ஒரே குழப்பம். எங்கள் சிநேகம் கெட்டிப்பட்டது களியால்தான். வார்டு தோழிகளையும் பாட்டியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை (தேதி வாங்கித்தான்) கூப்பிட்டு, ராகிக் களி கிண்டி, கீரை கடைந்து வைத்தேன். வெள்ளைக்காரத் தோழி முள்கரண்டியால் ஓர் உருண்டையைக் குத்தி எடுத்து மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். களியை மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும் என்றால், மெல்லாமல் விழுங்குவது ஆபத்து என்று நர்ஸ் நர்ஸுக்கே பாடம் எடுக்கிறாள். பாட்டி ஒன்றும் பேசவில்லை. விரலால் கிள்ளி, உருட்டி, கட்டை விரலால் குழி செய்து, கீரையில் தோய்த்து ஒரே விழுங்கு. உகாண்டாவில் இதே கேழ்வரகில் காலோ என்று கிண்டுவார்களாம். சின்ன வயதில் அக்கம்பக்கத்தில் சாப்பிட்ட பழக்கம். அப்புறம் விசாரித்தால், கேழ்வரகின் பூர்வீகமே அந்தக் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலம்தான், அங்கிருந்துதான் ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் நம் பக்கம் வந்தது என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் தர்மபுரிக் களியைப் பாட்டிக்கு நான் அறிமுகம் செய்ததாகச் சொல்ல முடியாது. இப்போது அவர் மட்டும் தேதி கேட்காமல் வருகிறார்.

எதிர்வீட்டுத் தாத்தா நகராட்சியிடம் வாடகைக்கு ஒரு துண்டு நிலம் எடுத்துத் தோட்டம் போடுகிறார். அதற்கு வருஷக்கணக்கில் வரிசையில் காத்திருந்தாராம். அவர் ஒரு நாள் கிண்ணத்தில் துணி விரித்து ஆறு தக்காளி கொண்டுவந்து கொடுத்தார், கண்ணில் அத்தனை பெருமை. மாமாவிடம் இதைச் சொல்லாதே. விலை விழுந்த அன்று நம் ஆட்கள் கூடை கூடையாக ரோட்டோரம் கொட்டிவிட்டு வருகிறதை இங்கே யாரிடம் சொல்வது? இங்கே வெயில் பற்றாமல் பாதி பழுக்காது, மழையில் மீதி அழுகும். தப்பிய பச்சைக் காயில் சட்னி செய்து பாட்டிலில் அடைத்துப் பரிசு கொடுப்பார்கள். பாலக்கோடு மார்க்கெட் போட்டோவைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத்தனைக்கும் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?" என்றார்.

தாத்தாவுக்கு ஒரு தீராத துக்கம் உண்டு. 2016-இல் லெஸ்டர் சிட்டி கால்பந்து அணி பிரீமியர் லீக்கில் கோப்பை வென்றது. சீசன் தொடக்கத்தில் பந்தயக் கடைகளில் ஒன்றுக்கு ஐயாயிரம். பிறந்ததிலிருந்து இந்த அணிக்குக் கைதட்டுகிறவர், அந்த வருஷம் ஒரு பவுண்டுகூடக் கட்டவில்லை. பப்பில் யார் புதிதாக வந்தாலும் இந்தக் கதை உண்டு.

டிசம்பர் பற்றிக் கேட்காதே. நாலு மணிக்கெல்லாம் இருட்டு. அந்த இருட்டில் ஒரு முறை காய்ச்சலில் படுத்துவிட்டேன். அழைப்பு மணி அடித்தது. போர்வையோடு போய்த் திறந்தால் படியில் சூடான சூப் பாத்திரம், தெருமுனையில் டைரித் தோழியின் கார் திரும்புகிறது. நம் ஊராக இருந்தால் பத்துப் பேர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, யார் யார் இந்தக் காய்ச்சலில் போனார்கள் என்று சொல்லித் தைரியம் கொடுத்திருப்பார்கள். அதியமான் நெல்லிக்கனியை அதன் மகிமையை மறைத்து அவ்வையாருக்குக் கொடுத்தார் என்று படித்தோம். இவள் தன்னையே மறைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள். எனக்கு இரண்டு முறையும் வேண்டும் அக்கா. சூப்பும் வேண்டும், கட்டிலைச் சுற்றி நாலு பேரும் வேண்டும்.

அதனால் நீ வா. சொல்லாமல் வந்து நிற்கலாம் என்று நினைக்காதே, விசாவுக்கே மூன்று வாரம் ஆகும். ஜூனில் வந்தால் ராத்திரி ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். வரும்போது புளியும் ராகி மாவும் எடுத்து வா. நெய் வேண்டாம், பால் பொருள்களை இந்தியாவிலிருந்து உள்ளே விடமாட்டார்கள்.

இப்படிக்கு,
உன் தங்கை