குழாய் கிடைக்கும், கிளாம்பு கிடைக்காது

1914 செப்டம்பர் 22ஆம் தேதி ராத்திரி ஒன்பதரை மணி சுமாருக்கு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, சர்ச்லைட்டைப் போட்டு, ஊரை நிதானமாகப் பார்த்தது. சென்னையும் விளக்கையெல்லாம் ஏற்றிவைத்துக்கொண்டு விருந்தாளிக்குக் காத்திருப்பதுபோலத்தான் இருந்தது. ஏறக்குறைய 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் டாங்குகள் திகுதிகுவென்று பற்றிக்கொண்டன. கரையிலிருந்த பீரங்கிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை, பதிலுக்குச் சுட்டார்கள். வங்காள விரிகுடாவுக்குச் சரியான அடி. கப்பலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கேப்டன் ஃபான் முல்லர் விளக்கை அணைத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்.

அன்று எரிந்த டாங்குகளின் வாரிசுகள் இன்றைக்குக் கொருக்குப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் மதிலுக்குள்ளே குந்தியிருக்கின்றன. ரயில்வே கேட் போட்டிருக்கும்போது அவற்றைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். கூட்ஸ் வண்டி போய்முடிகிறவரை வேறு வேலையும் கிடையாது.

குறிபார்க்கிற விஷயத்தில் வெள்ளைக்காரனுக்கு அந்த வருஷம் ஏழரைச் சனி. சென்னையில் நாம் பார்த்தது ட்ரெயிலர்தான், மெயின் படம் பிரான்ஸில் ஓடியது. லென்ஸ் செய்கிற கண்ணாடியில் பெரும்பகுதியை அதுவரை ஜெர்மனியிடமிருந்துதான் பிரிட்டன் வாங்கிக்கொண்டிருந்தது. முதல் உலகப்போர் மூண்டதும் கடைக்காரனே எதிரியாகிவிட்டான். 1915இல் கொஞ்சமும் கூச்சப்படாமல், சுவிட்சர்லாந்து வழியாக அதே எதிரியிடம் பைனாகுலர் விலைக்குக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யம்!

ஜெர்மானியர்களோ மான் வேட்டைக்காரர்களின் வீடுகளிலிருந்து டெலஸ்கோப் வைத்த ரைஃபிள்களைத் திரட்டி நேரே பதுங்குகுழிக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கிலீஷ்காரர்கள் அவசரத்துக்கு ஒரு வித்தை செய்தார்கள். துப்பாக்கிக் குழலின் முனையில் ஒரு லென்ஸ், கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு லென்ஸ், நடுவில் வெறும் காற்று. கலிலியோ காலத்துத் தத்துவம். குழாயே இல்லாத டெலஸ்கோப் என்றால் நம்ம ஊர் கான்ட்ராக்டர்கூட பில் போடத் தயங்குவார்.

பிறகு நிஜமான டெலஸ்கோப் வந்தது. அதை எங்கே மாட்டினார்கள் என்பதுதான் கதையின் உச்சம். ரைஃபிளின் தலைக்கு மேலே மாட்டாமல் இடது பக்கம் தள்ளி மாட்டினார்கள். ஏனாம்? பிரிட்டிஷ் பட்டாளத்து ரைஃபிளில் ஐந்தைந்து தோட்டாவாகக் கிளிப்பில் கோத்து மேலிருந்து திணிப்பது வழக்கம். டெலஸ்கோப் அதை மறிக்கக் கூடாதாம். ஸ்னைப்பர் என்பவன் காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை காத்துக்கிடந்து ஒரு தோட்டா சுடுகிற ஆசாமி. அவனுக்கு எதற்கய்யா இந்த அவசரம்?

விளைவு என்ன? கன்னத்தைக் கட்டையில் பதித்தால் கண் டெலஸ்கோப்புக்கு வராது, கண்ணைக் கொண்டுபோனால் கன்னம் அந்தரத்தில் தொங்கும். பதுங்குகுழியின் இரும்புத் தகட்டில் சுடுவதற்கென்று ஒரு சின்னச் சந்து விட்டிருப்பார்கள். அதில் குழலை நுழைத்தால் பக்கத்திலிருக்கும் டெலஸ்கோப் தகட்டைத்தான் பார்க்கும். துப்பாக்கிக்கு ஜெர்மன்காரன் தெரிகிறான், சுடுகிறவனுக்குத் துரு தெரிகிறது! ஹெஸ்கெத் பிரிச்சர்ட் என்ற கிரிக்கெட் ஆட்டக்காரர், வேட்டைக்காரரும்கூட, இதையெல்லாம் பார்த்து நொந்து, நண்பர்களிடம் பணம் வசூலித்து டெலஸ்கோப் வாங்கி, தனியாக ஸ்னைப்பர் பள்ளிக்கூடமே நடத்தினார். அந்தக் கோணல் மவுண்டை அவர் திட்டியது கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த உலகப்போரில் புத்தி வந்தது. ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் என்ற லண்டன் கம்பெனி 20,000க்கும் மேற்பட்ட நம்பர் 4 ரைஃபிள்களை ஸ்னைப்பர் ரகமாக மாற்றிக்கொடுத்தது. டெலஸ்கோப் என்னவோ முதலில் பிரென் மெஷின்கன்னுக்காகப் போட்ட திட்டம்தான், அது வேறு விஷயம். ரைஃபிளின் நம்பரை டெலஸ்கோப்பைப் பிடித்துக்கொள்கிற கிளாம்பில் அடித்தார்கள், டெலஸ்கோப்பின் நம்பரை ரைஃபிளின் கட்டையில் அடித்தார்கள். ஜாதகம் பார்த்துக் கட்டிவைத்த கல்யாணம் மாதிரி. சண்டை முடிந்ததும் கிடங்குகளில் பலவற்றைக் கலந்துகட்டிப் போட்டார்கள். இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் ஊர் ஊராகத் தேடுவது கைவிட்டுப்போன அந்த ஜோடியைத்தான். டெலஸ்கோப்பைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், அதே நம்பர் போட்ட கிளாம்புக்கு எங்கே போவது?

போட்டியில் சுடுகிற பழைய ரைஃபிள்களின் பாடு இன்னும் நுணுக்கம். அமெரிக்காவின் யுனெர்ட்ல், லைமன் கம்பெனி டெலஸ்கோப் குழாய்கள் துப்பாக்கிக் குழல்மேல் இரண்டு குட்டி இரும்பு பிளாக்குகளில் உட்காரும். விரல் நுனி அளவுதான் இருக்கும். இரண்டுக்கும் நடுவே 7.2 இஞ்ச். அது என்ன 7.2? திருகை ஒரு கிளிக் திருப்பினால் குழாயின் பின்பக்கம் ஒரு இஞ்சில் 2,000இல் ஒரு பங்கு நகரும். பிளாக்குகள் 7.2 இஞ்ச் தள்ளியிருந்தால் 100 கஜத்தில் அது கச்சிதமாகக் கால் இஞ்ச் ஆகும். பிளாக்குக்கு 6.2 இஞ்சில் ஓட்டை போட்டிருந்தால் 0.29 இஞ்ச், கணக்கு கோவிந்தா. குழல் முனைக்குப் போகப்போக ஒல்லியாவதால் முன் பிளாக் பின்னதைவிட உயரமாக இருக்க வேண்டும். இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டு, தோட்டா சரியில்லை என்று திட்டுகிற மகாராஜாக்கள் உண்டு.

நம் நாட்டில் கதை இன்னும் விசேஷம். அந்த நம்பர் 4 சுடுகிற 303 தோட்டாவைப் பட்டாளத்துக்கென்று ஒதுக்கி, பொதுமக்கள் தொடக் கூடாது என்று வைத்தார்கள். ஈஷாப்பூர் தொழிற்சாலை சிவிலியனுக்கென்று 315 ரைஃபிள் செய்தது. ஆகவே லண்டன் கிளாம்பு இங்கே வழிதவறி வந்தாலும் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம்.

கொருக்குப்பேட்டை லேத் பட்டறையில் இப்படி ஒரு கிளாம்போ பிளாக்கோ செய்துதரக் கேட்டால், "செஞ்சிரலாம் சார், சாம்பிள் இருக்கா?" என்பார்கள். சாம்பிள் இருந்தால் நாம் ஏன் வருகிறோம்? அதற்காக ரைஃபிளையே தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கிற பட்டறைக்கும் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் உள்ள ஆசாமியிடம் போங்கள். அதற்கு முன், இரண்டு பிளாக் ஓட்டைக்கும் நடுவிலுள்ள தூரத்தை வெர்னியர் வைத்து அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

காயலாங்கடை நடத்துகிற அண்ணாச்சிகளுக்கும் ஒரு விண்ணப்பம்: பக்கவாட்டில் நம்பர் அடித்து, இரண்டு கைத்திருகு வைத்த பழைய இரும்புக் கிளாம்பு ஏதாவது சரக்கோடு வந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.