முட்டை ஊரில் ஒரு மகாராணி

நாமக்கல்லில் கோழிக்கு இருக்கும் மரியாதை பூனைக்குக் கிடையாது. கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இதே ஊரில்தான் இருக்கிறது. இருந்தாலும் பூனையைக் கூடையில் வைத்து டவுன் பஸ் ஏறினால் ஒரு கேள்வி நிச்சயம்: "இதுக்கெல்லாமா டாக்டரு?"

எங்கள் பூனை மீனாவுக்கு அவித்த முட்டையில் மஞ்சள் கரு மட்டும்தான் இறங்கும். வெள்ளை எனக்கு. போன வாரம் அவள் காதோரம் மிளகு போல ஒன்று ஒட்டியிருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணினேன்: எட்டுக் கால். உண்ணியேதான்.

பக்கத்து வீட்டு அண்ணன் பாசமாக நீட்டினார். "எங்க நாய்க்கு உடற சொட்டு மருந்து மிச்சம் இருக்குதுங்க, ரெண்டு சொட்டு உட்டுருங்க."

நாய்க்கான உண்ணி மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய் தாங்கும், பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கும் தெம்பு இல்லை. நடுக்கம், வலிப்பு, சமயத்தில் சாவு.

"அப்ப மண்ணெண்ணெய்ங்க?" என்றார், விடாமல்.

இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தேன். உண்ணி வந்தது. கூடவே என் முன்கையில் நாலு கோடு. டெட்டால் தடவிக்கொண்டேன், மொட்டை மாடிக்குப் போய். அதுவும் அவளுக்கு ஆகாதாம்.