வீட்டுப்பாடம் எழுதிய பையன்

1967 உலகப் பொருட்காட்சியை நடத்த ஒப்புக்கொண்டிருந்த மாஸ்கோ, 1962-இல் ‘நம்மால் ஆகாது’ என்று கைவிரித்தது. முகூர்த்தம் குறித்தாயிற்று, மாப்பிள்ளையைக் காணோம். ‘நான் கட்டுகிறேன் தாலி’ என்று எழுந்து நின்றது கனடாவின் மான்ட்ரியல். மணமேடைக்கு இடம்? ஆற்று நடுவில் போட்டால் போகிறது என்றார் மேயர் ழான் டிராப்போ. செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் இருந்த தீவைப் பெருக்கி, பக்கத்தில் புதிதாக இன்னொன்றையும் எழுப்பினார்கள். ஊருக்குள் மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிய மண்ணும் அதில்தான் போய் விழுந்தது. நேரத்துக்கு முடியுமா என்று கம்ப்யூட்டரைக் கேட்டார்கள். முடியாது என்றது. அப்புறம் யாரும் அதைக் கேட்கவில்லை.

இந்தக் களேபரத்தில் திட்டம் தீட்ட ஆள் தேடிய கட்டிடக் கலைஞர் வான் கின்கலுக்குத் தன் பழைய மாணவன் ஞாபகம் வந்தது. மோஷே சாஃப்டி, வயது 25. பிலடெல்ஃபியாவில் லூயி கான் என்ற கட்டிடக்கலை மகா வித்வானிடம் பக்கவாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டதும் வந்தார். சும்மா வரவில்லை. 1961-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் எழுதிய ஆய்வேட்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். நம் பையன்கள் அதை பைண்டு போட்டுப் பரணில் ஏற்றுவதோடு சரி. இவர் ‘இதைக் கட்டிப் பார்க்கலாமே’ என்றார். லெகோ கட்டைகளை அடுக்கி மாதிரியும் செய்தார்.

நகரத்துக்குள்ளேயே சாமானியனுக்குத் தோட்டத்தோடு ஒரு வீடு, இதுதான் அந்த ஆய்வேட்டின் கனவு. கேட்டது ஆயிரம் வீட்டுக்கு மேல். கஜானாக்காரர்கள் 158-ல் நிறுத்தினார்கள். பக்கத்திலேயே ஒரு தொழிற்சாலை வைத்து 354 கான்கிரீட் பெட்டிகளை வார்த்தார்கள். குளியலறையைக்கூட ஒரே வார்ப்பாக, ஃபைபர் கிளாஸில், தொட்டி தொட்டியாக உள்ளே இறக்கினார்கள். ஒவ்வொரு பெட்டியும் 70 டன்னுக்குக் குறையாது. கிரேன் தூக்கிப்போய் கோணல்மாணலாக அடுக்கியது. கீழ்வீட்டு மொட்டைமாடிதான் மேல்வீட்டுக்காரரின் தோட்டம். மாடியில் செடிக்கு ஊற்றிய தண்ணீர் யார் தலையில் விழும் என்பதெல்லாம் சாமானியனின் கேள்வி. அந்தச் சாமானியன்தான் அங்கே குடிவரவே இல்லை.

பெட்டிகளை மலிவாக வார்க்கத்தான் தொழிற்சாலை. ஆயிரம் வீட்டின் தலையில் கட்டவேண்டிய அதன் செலவை 158 வீடு சுமந்தது. வாடகை எகிறியது. ‘ஹாபிடாட் 67’ என்று பெயர் வைத்த அந்தக் குடியிருப்பு இன்று காசுள்ளவர்களின் விலாசம்.

பொருட்காட்சிக்கு என்ன குறை? ஆறே மாதத்தில் 5 கோடிப் பேர் வந்துபோனார்கள். சாஃப்டியும் அந்தப் பெட்டி வீடுகளில் ஒன்றில் குடியேறினார். 2022-இல் அந்த வீட்டை மெக்கில் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். பாடத்தை 1961-லேயே கொடுத்தாயிற்று. வீடுதான் பாக்கி இருந்தது.