வால்டன் குளத்து வரவு செலவு

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. நீங்கள் ராக்கெட் விடப் படிக்க வந்திருந்தாலும் சரி, ராகம் பாடப் படிக்க வந்திருந்தாலும் சரி, முதலாண்டில் ஒரு செமினார் எடுத்தே தீர வேண்டும். பத்துப் பதினைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தலைப்பைப் பற்றிப் படித்து, பேசி, எழுதித் தள்ள வேண்டும். மாசசூசெட்ஸில் நான் கம்ப்யூட்டர் படிக்கச் சேர்ந்த கல்லூரியில் சினிமா, துப்பறியும் கதை, சாக்லேட்டின் வரலாறு என்று நாவூறும் தலைப்புகள் இருந்தன. எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது இயற்கை எழுத்து.

"மரத்தப் பாத்து எழுதறதுக்கா இவ்ளோ ஃபீஸு?" என்றாள் அம்மா. அப்பா வாயே திறக்கவில்லை. கூட்டுறவு சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். ரசீதைப் பார்க்காமல் எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்ல மாட்டார்.

திருவல்லிக்கேணிக்காரனுக்கு இயற்கை என்றால் மெரினா, மெரினா என்றால் சுண்டல். மரங்களில் எனக்கு இரண்டு வகை தெரியும்: வேப்பமரம், மற்றவை. இந்த மூலதனத்தோடு உட்கார்ந்தவனுக்கு முதல் வீட்டுப்பாடம் வந்தது. வளாகத்தில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, வாராவாரம் போனை அணைத்துவிட்டு அங்கேயே ஒரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். கண்டதை எழுத வேண்டும். நூலகத்துக்குப் பின்னால் ஓர் ஓக் மரத்தடியைப் பிடித்தேன். அது ஓக் என்பதே மரத்தில் அறைந்திருந்த தகட்டைப் பார்த்துத்தான் தெரியும். பறவைகள் இன்னிசை பாடின, தென்றல் தழுவியது, மனம் இறகாய்ப் பறந்தது என்று பத்தாம் வகுப்புக் கட்டுரைப் பயிற்சியை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். பேராசிரியை ஓரத்தில் மூன்றே கேள்விகள் எழுதியிருந்தார்: என்ன பறவை? எத்தனை? எவ்வளவு நேரம்?

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மளிகைச் சாமான் வாங்கி வந்தால் அப்பா கேட்கும் கேள்விகள் அவை.

அடுத்த வாரத்திலிருந்து எண்ண ஆரம்பித்தேன். எண்ணுவதற்கு அங்கே அகப்பட்டது அணில். ராமர் தடவாத அணில்; சாம்பல் நிறம், முதுகில் ஒரு கோடுகூடக் கிடையாது. (அங்கே சிப்மங்க் என்றொரு குட்டி உருப்படி உண்டு. அதன் முதுகில் அவர் கொஞ்சம் தாராளமாகவே தடவியிருக்கிறார்.) இலையுதிர்காலம் முழுக்க அதற்கு ஒரே வேலை. ஓக் கொட்டையை வாயில் கவ்வி வரும், குழி பறிக்கும், மூக்கால் உள்ளே அழுத்தும், முன்னங்கால்களால் மண்ணைத் தள்ளித் தட்டும், மேலே ஒரு சருகை இழுத்துப் போடும். வெள்ளை ஓக்கின் கொட்டை விழுந்த கையோடு முளைத்துவிடும் என்பதால், அதன் முளையை மட்டும் கடித்துத் துப்பிவிட்டுப் புதைக்கும். சிவப்பு ஓக்கின் கொட்டை வசந்தத்தில்தான் முளைக்கும். அதை முழுசாகவே புதைக்கும். இன்னோர் அணில் நோட்டம் பார்க்கிறது என்று தெரிந்தால், கொட்டையை வாயிலேயே வைத்துக்கொண்டு வெறுங்குழியைப் பறித்து மூடிவிட்டு வேறு பக்கம் போகும். இதை வாட்ஸ்அப்பில் அப்பாவிடம் சொன்னேன்.

"பினாமி கணக்கு," என்றார். அன்றிலிருந்து என் செமினாரில் அவரும் சேர்ந்துவிட்டார்.

மற்ற புத்தகங்களை அவர் பொருட்படுத்தவில்லை. ஆனி டில்லர்டின் புத்தகத்தில் ஆரம்பத்திலேயே ஒரு நீர்ப்பூச்சி தவளையை உள்ளுக்குள்ளேயே கரைத்து உறிஞ்சிவிடுகிறது. 1975இல் புலிட்சர் பரிசு வாங்கிய புத்தகம், எங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு. அதைச் சொன்னதும் அம்மா போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். அப்பாவைப் பிடித்துக்கொண்டவர் தோரோதான்.

ஹென்றி டேவிட் தோரோ 1845 ஜூலை 4 அன்று வால்டன் குளக்கரையில் தானே கட்டிய குடிசைக்குக் குடிபோனார். இரண்டு வருஷம், இரண்டு மாதம், இரண்டு நாள் இருந்தார். 1854இல் புத்தகம் வந்தது. என் வகுப்புத் தோழர்கள் அதில் தனிமையையும் விடுதலையையும் அடிக்கோடிட்டார்கள். நான் செலவுப் பட்டியலைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பலகை 8 டாலர் 3½ சென்ட். பழைய செங்கல் ஆயிரம், 4 டாலர். ஆணி 3 டாலர் 90 சென்ட். சுண்ணாம்பு விலை அதிகம் என்று பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு. சாக்பீஸ் 1 சென்ட். ஆக மொத்தம் 28 டாலர் 12½ சென்ட்.

"அரை சென்ட்டையும் விடல பாரு," என்றார் அப்பா. அவர் குரலில் அப்படியொரு மரியாதையை நான் கேட்டதில்லை. கூட்டிப் பார்த்திருக்கிறார். மொத்தம் சரியாக வந்ததாம்.

குளத்துக்கு அடியே கிடையாது என்று ஊரார் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். தோரோ மீன்பிடிக் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, ஆழமான இடம் 102 அடி என்று எழுதி வைத்தார். அப்பாவுக்கு இதுவும் பிடித்தது. இயற்கை எழுத்து என்றால் பெருமூச்சு என்று நினைத்திருந்தேன். பார்த்தால் முக்கால்வாசி ஸ்டாக் எடுப்பது. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பெண் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகக்கூடப் பார்த்தாள்.

பனிக்கால அத்தியாயம் வந்தபோது என் அந்தஸ்து உயர்ந்தது. 1846-47 குளிர்காலத்தில் நூறு அயர்லாந்துக்காரர்கள் வந்து உறைந்த குளத்தைப் பாளம் பாளமாக அறுத்துப் போனதைத் தோரோ பார்க்கிறார். பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டூடர் அப்போது கப்பலில் உலகமெல்லாம் ஐஸ் விற்றுக்கொண்டிருந்தார். என் கிணற்றுத் தண்ணீரை மெட்ராஸ்காரர்களும் குடிக்கிறார்கள் என்று தோரோ பூரித்துப் போகிறார். மெட்ராஸ் என்ற சொல்லைக் கேட்டதும் மேசை மொத்தமும் என் பக்கம் திரும்பியது. அந்த ஐஸை இறக்கி வைக்க 1842இல் கட்டிய கட்டடம் எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான், பின்னால் விவேகானந்தர் தங்கினார், இன்றைக்கும் அந்தப் பேட்டைக்கே ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர் என்றேன். பேராசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தேசபக்தி பொங்க அன்றிரவே வீட்டுக்குச் சொன்னேன்.

"அந்தக் குளத்து ஐஸ் இங்க வந்ததுக்கு ரசீது இருக்கா?" என்றார் அப்பா.

இல்லை. தோரோவே அதற்கு முந்தைய பக்கங்களில் கணக்கைக் கவிழ்த்துவிட்டிருக்கிறார். பத்தாயிரம் டன் என்று மதிப்பிட்ட ஒரு குவியலை வைக்கோலும் பலகையும் போட்டு மூடி வைத்தார்கள். கொஞ்சம் போயிற்று. மீதி அங்கேயே கிடந்து, 1848 செப்டம்பர்வரை உருகி, பெரும்பகுதி குளத்துக்கே திரும்பிவிட்டது. "ரிட்டர்ன் சரக்கு," என்று முடித்துக்கொண்டார் அப்பா. கல்கத்தாவுக்கு 1833இல் டூடர் அனுப்பிய முதல் சரக்கில் 180 டன் ஏற்றி 100 டன்தான் போய்ச் சேர்ந்தது என்று சொன்னபோது, அவர் அந்த 80 டன்னுக்காகத் துக்கப்பட்டார்.

நவம்பரில் எங்களை அந்தக் குளத்துக்கே கூட்டிப்போனார்கள். குடிசையின் நகல் ஒன்று கார் நிறுத்துமிடத்தின் ஓரமாக நிற்கிறது. பத்தடிக்குப் பதினைந்தடி. தோழர்கள் உள்ளே நின்று, இந்த இடத்தில் எப்படி வாழ்ந்தார் என்று வியந்தார்கள். எங்கள் பக்கம் அதில் ஒரு குடும்பமும் ஒரு தையல் மிஷினும் இருக்கும். பத்து மாத அட்வான்ஸும் கேட்பார்கள். குளத்தின் மறுகரையில் ரயில் தடதடத்துப் போனது. தோரோ காலத்திலும் போன அதே பாதை. நிலம் நண்பர் எமர்சனுடையது. அம்மா வீடு அரை மணி நடை. இதைக் கேட்டு வகுப்பே இரண்டுபட்டது. ஏமாற்றுக்காரர் என்று பாதிப் பேர், அதனாலென்ன என்று பாதிப் பேர். திரும்பும் வழியெல்லாம் வண்டியில் சண்டை.

நான் அப்பாவிடம் கேட்டேன். அவர் அதற்குள் பட்டியலுக்குக் கீழே இருந்த பொடி எழுத்தையும் படித்து முடித்திருந்தார்.

"நெலம் ஓசி. அதுகூடப் போகட்டும். துணி தொவச்சதும் தச்சதும் வெளிய குடுத்தானாம், அந்த பில்லு இன்னும் வரலன்னு எழுதியிருக்கான் பாரு. நூத்தி எழுபது வருஷமாச்சு. பாக்கிய வெச்சிக்கிட்டு எப்படிடா கணக்க முடிச்சான்?"

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவன விடுங்க. இவன் லீவுக்கு வரும்போது அழுக்குத் துணிய மூட்ட கட்டி எடுத்துட்டு வரக் கூடாதுன்னு சொல்லி வைங்க."