திருடனின் சட்டை

கேள்வி: 2022 ஜூலையில் காரைக்காலில் சுகாதார அவசரநிலை அறிவிக்க வைத்த காலரா கிருமியைக் கொண்டே தடுப்பூசி செய்யலாமாமே? திருடன் கையிலேயே சாவியா?
– வாசகர், காரைக்கால்

பதில்: சாவி இல்லை, சட்டை. உடலின் எதிர்ப்புச் சக்தி என்ற மோப்ப நாய்க்கு அது போதுமே! காலரா கிருமி தன் வெளிச்சவ்விலிருந்து நுண்குமிழிகளை உதிர்ப்பதை சட்டர்ஜி, தாஸ் என்ற ஆய்வாளர்கள் 1967இலேயே எழுதிவிட்டார்கள். அந்தக் குமிழியில் கிருமியின் மேல்தோல் அப்படியே இருக்கும். உயிர் இருக்காது, பெருகாது. ஈ.கோலை என்ற குடல் கிருமியில் வேறு ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தானாகவே குமிழிக்குப் போய்ச் சேரும் 'கிளைஏ' என்ற சவ்வுப் புரதத்தின் மரபணுவோடு வேறொரு கிருமிப் புரதத்தின் மரபணுவை ஒட்டினால், அந்த அந்நியப் புரதமும் குமிழியின் மேல் வந்து நிற்கிறது. சவ்வில் காய்ச்சல் தரும் நச்சுக்கொழுப்பு உண்டே என்பீர்கள். உண்டு, கழுவியோ மரபணுவை மாற்றியோ அதை அடக்கலாம். 2013இல் ஐரோப்பா அனுமதித்த மூளைக்காய்ச்சல் தடுப்பூசி பெக்ஸ்செரோவில், ஒட்டுவேலை இல்லாத, கழுவிய குமிழியும் இருக்கிறது. 'குடிநீர்க் குழாயைச் சரிசெய்தால் போதாதா?' என்றால், காலராவுக்கு அதுதான் முதல் வேலை, மறுக்கவில்லை. ஆனால் குழாய் ஒரே நாளில் மாறாது. கிருமியும் டெண்டர் முடியும்வரை காத்திருக்காது. இப்போதைக்குக் காலராவுக்கு இருப்பவை வாய்வழித் தடுப்பு மருந்துகள், பெரும்பாலும் கொன்ற முழுக் கிருமிகள். காலரா கிருமியின் குமிழியைக் கொல்கத்தாவில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.